கூடத்தில் எடுத்த படங்கள்

பிப்ரவரி 9

என் சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். என் இடுப்புதான் வழக்கம்போல. டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் பக்கத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் இடுப்பு என்ன செய்யும்? உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? சின்னச் சின்னத் திரைகளை உற்றுப் பார்க்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

போனில் பேசினால் நமக்குள் சரிப்படாது என்று நீயே சொல்லிவிட்டாய். அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். விஷயம் இதுதான். பொடிசுக்கு டிஜிட்டல் கேமரா வேண்டுமாம். ஒன்பது வயது முடியப்போகிறது. பள்ளிக்கூடத்தில் 'என் வீடு' என்று படங்கள் எடுத்து, அட்டையில் ஒட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் நேராக வந்து கேட்டாளா? அதுதான் இல்லை. தன் அம்மாவிடம் சொல்லி, அவள் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து மெதுவாக ஆரம்பிக்கிறாள். நான் என்ன புலியா? "கேக்கறத வாயத் திறந்து கேளேன்டி!" என்றேன். பேசாமடந்தை, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நீ கேமராக் கடையில் இருக்கும்போது நான் வேறு எங்கேயாவது போய் வாங்குவேனா? பழுது என்று வருவதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறவள் நீ. எது உழைக்கும், எது ஆறு மாதத்தில் படுத்துவிடும் என்று உனக்குத்தான் தெரியும். நல்லதாக ஒன்று பார்த்துச் சொல்.

உன் அண்ணன்.


பிப்ரவரி 20

அன்பு அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், இப்போது பரவாயில்லை. நீ சீட்டில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள். அண்ணியின் மூட்டு வலி எப்படி என்று நீ எழுதவே இல்லை, கேட்டு எழுது.

கேமரா பொடிசுக்கு, உனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வரும் அப்பாக்கள் எல்லாரும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்களுக்கு ஆசைப்பட்டதைத்தான் வாங்குகிறார்கள். குழாய்மாதிரி நீண்ட லென்ஸ், தோள் கழன்றுபோகும் கனம். பிள்ளை இரண்டு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடும். விளையாட்டுச் சாமான்போல வருகிற பொம்மைக் கேமராவும் வேண்டாம், அதில் எல்லா முகமும் மாவில் பிடித்துவைத்ததுபோலத்தான் தெரியும்.

எனவே அவளிடம் கேட்டு எழுது. எதைப் படம் எடுக்க ஆசை? பூனையையா, மரத்தையா, ஆட்களையா? வெளியிலா, வீட்டுக்குள்ளா? உள்ளங்கை எவ்வளவு பெரிது என்று ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொல். சாமான்களைக் கீழே போடுகிறவளா? இதையெல்லாம் நீ யோசித்து எழுதாதே, அவள் வாயால் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் தங்கை.


மார்ச் 1

சுண்டெலிக்கு,

உன் கேள்விப் பட்டியலைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பையன் பார்க்கிறதுபோல இருக்கிறது! அண்ணியின் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போடுகிறாள். தலையணை வாங்கிவிட்டேன், சுகமாக இருக்கிறது.

பொடிசை எதிரே உட்காரவைத்துக் கேட்டேன். "எதப் படம் எடுக்கப் போற?" "உங்க இஷ்டம்பா." "வெளியவா, உள்ளயா?" "உங்க இஷ்டம்பா." கடைசியில் கொஞ்சம் குரலை உயர்த்தியதும் "பூனை" என்று ஒரு வார்த்தை வந்தது. இப்படி மென்று விழுங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் இதுவரை கைநீட்டி ஒரு அடி அடித்ததில்லை, அதற்கு நீயே சாட்சி சொல்வாய். ஆனால் சத்தம் போடாமல் ஒரு காரியம் நடக்கிறதா சொல். காரில் உட்காருகிறவர்களைப் பார். பெரிய பெரிய ஆபீசர்கள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வெடவெடவென்று நடுங்குகிறது. இரண்டு வாரம் கத்தித்தான் அந்த நடுக்கத்தை எடுக்கிறேன்.

கையை வரைந்து அனுப்பியிருக்கிறாள், இத்துடன் இருக்கிறது. அவளுக்காக நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் எடுப்பாள், எல்லாரையும் எடுப்பாள். கறுப்பு நிறத்தில் கெத்தாக ஒன்று அனுப்பு.

உன் அண்ணன்.


மார்ச் 18

அன்பு அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன். எனக்குச் சளி பிடித்து விட்டுப்போனது.

பார்சலைப் பிரித்ததும் "என்ன இது, சோப்புப் பெட்டிபோல இருக்கிறது" என்று சொல்வாய். சொல்லிக்கொள். அந்தக் கையை அளந்து பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். பிடி அவள் விரலுக்குச் சரியாக இருக்கும். பட்டன் பெரிது. கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி போட்டால் போதும். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளக் கயிறு இருக்கிறது, அதை மாட்டாமல் எடுக்கக்கூடாது என்று சொல். கறுப்பு இல்லை, நீலம். கேமரா அவளுடையது, அதனால்.

பொடிசு, இது உனக்கு: முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிவைத்துக்கொள். பட்டனை அழுத்தும்போது மூச்சை ஒரு நொடி பிடித்துக்கொள். கூடத்து விளக்கு வெளிச்சத்தில் கை கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மற்றபடி எது வேண்டுமானாலும் எடு. நன்றாக இருப்பதை மட்டும்தான் எடுக்கவேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
அத்தை / தங்கை.


ஏப்ரல் 11

சுண்டெலிக்கு,

நலம்தானே? இங்கே நலம், உன் கேமராவைத் தவிர. நீங்கள் நடத்துவது கேமராக் கடையா, காயலான் கடையா?

பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே படங்கள் இருக்கிற கார்டும் இருக்கிறது, நீயே பார். பூனை ஜோராக வந்திருக்கிறது. அண்ணி காய் நறுக்குவது ஜோராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கியதைக் கழுதை எடுத்திருக்கிறாள், அது அட்டகாசம், மீசையில் முடி முடியாக எண்ணலாம். ஆனால் மற்றபடி நான் நிற்கிற படம், உட்கார்ந்திருக்கிற படம் எல்லாம் பேய் ஆடியதுபோல இருக்கிறது. ஒரு மூக்குக்கு மூன்று மூக்கு! பள்ளிக்கூட அட்டைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. நானே ஒன்று எடுத்துச் சோதித்தேன், நன்றாக வந்தது. அதாவது, வந்தால் வருகிறது, வராவிட்டால் இல்லை. வண்டியில் இப்படி இருந்தால் உள்ளே எங்கேயோ லூஸ் கனெக்ஷன் என்போம். உன் முதலாளியிடம் சொல்லி வேறு வாங்கி அனுப்பு.

உன் அண்ணன்.


மே 14

அன்பு அண்ணாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். கடையில் வேலை அதிகம். இடுப்பு எப்படி இருக்கிறது?

கேமராவைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. வேறு ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதே மாதிரி, அதே நீலம். பொடிசின் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவளிடம் சொல்லிவிடு. அவசியம் சொல்.

அவள் வீட்டில் எப்படி இருக்கிறாள்? சும்மாதான் கேட்டேன்.

தங்கை.


ஜூன் 6

சுண்டெலிக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதம் இரண்டே வரியில் இருந்ததே, உடம்பு சரியில்லையா?

உன்னிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை, எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது கேமராவும் போய்விட்டது. அதே ஆட்டம், அதே மூன்று மூக்கு. கடையில் பார்த்துப் பார்த்து அனுப்பியது இரண்டும் ஒரே மாதிரி கெடுமா? உன் மேல் தப்பில்லை. இவள்தான் எங்கேயோ தட்டியிருக்கிறாள், கேட்டால் வாய் திறக்கமாட்டேன் என்கிறாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். போன தடவை ஸ்பிரிங் தளர்ந்ததும் இவள் கைங்கரியம்தான் என்று இப்போது தோன்றுகிறது. கேமராவை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். பொருளின் அருமை தெரிகிறபோது இறக்கித் தருகிறேன். இனி எதுவும் அனுப்பாதே, இவளுக்கு அனுப்பி என்ன பயன்?

உன் அண்ணன்.


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்க கண் நல்லா இருக்கா?

நீங்க அனுப்பின ரெண்டு கேமராவையும் நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. ஆனா நான் கீழ போடல. பூனை மேல சத்தியமா போடல. கயிறு மாட்டித்தான் எடுத்தேன். முழங்கைய ஒட்டி வெச்சு மூச்சும் பிடிச்சேன். அப்பா பக்கம் திருப்பினா மட்டும் கெட்டுப்போகுது. ஏன்னு தெரியல. அப்பா தூங்கும்போது நல்லா வருது, ஆனா மத்தவங்க அட்டையில எல்லார் அப்பாவும் முழிச்சிட்டுதான் இருக்காங்க. அதனால நான் அட்டை கொண்டுபோகல. தொலைஞ்சுபோச்சுன்னு டீச்சர்கிட்ட பொய் சொல்லிட்டேன்.

அம்மா ஸ்டாம்ப் குடுத்தாங்க. நான் எழுதினேன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க.

இப்படிக்கு,
பொடிசு.


ஜூன் 17

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் உன் இடுப்பைப் பற்றி விசாரிக்கப்போவதில்லை. கடைசிவரை படி. பாதியில் எழுந்து போய்விடாதே.

அந்தக் கேமராவில் எந்த ஸ்பிரிங்கும் தளரவில்லை. தளர்வதற்கு அப்படி ஒரு ஸ்பிரிங்கே அதில் கிடையாது. நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

படம் ஆடுகிறது என்று யாராவது வந்தால் நாங்கள் முதலில் கேமராவைத் திறப்பதில்லை. கார்டில் இருக்கும் படங்களை எடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எங்கே ஆடுகிறது, எங்கே ஆடவில்லை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பொடிசின் படங்களையும் அப்படித்தான் பார்த்தேன். பூனை, அண்ணியின் கை, ஜன்னல், அவளுடைய கால் விரல்கள், தூங்குகிற நீ. ஒன்றுகூட ஆடவில்லை. அதே கூடத்தில், அதே விளக்கில், நீ விழித்திருக்கிற படம் ஒவ்வொன்றும் ஆடியிருக்கிறது. நீ செய்தித்தாள் படிக்கிறாய், ஆடியிருக்கிறது. நீ அவளைப் பார்த்துச் சிரிக்கிறாய், சிரிப்புதான் என்று நினைக்கிறேன், அதுவும் ஆடியிருக்கிறது. கேமராவுக்கு நீ யார் என்று தெரியாது அண்ணா. அதைப் பிடித்திருந்த கைக்குத் தெரியும்.

நீ அடிக்கிறவன் இல்லை. எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் நீ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அண்ணி ரேடியோவைக் குறைப்பாள். போன தடவை வந்திருந்தபோது பார்த்தேன். நானும் பேச்சை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்தேன். இந்த வயதில்! அது எங்களுக்குப் பழகிப்போய், இது ஒரு விஷயமா என்று ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஏப்ரலிலேயே எழுதியிருக்கவேண்டும். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். நீ "என்னடி பெருசா கண்டுட்டே" என்று போனில் ஒரு சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். அதற்குப் பயந்துதான் ஸ்பிரிங் என்று எழுதினேன். அந்தப் பொய்க்காகப் பிள்ளை திட்டு வாங்கியிருக்கிறாள். நான் தப்பித்துக்கொள்ள ஒன்பது வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டேன். நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உன்னைவிட நான் மோசம், உனக்காவது தெரியாமல் இருந்தது.

படங்களைப் பிரிண்ட் போட்டு இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பிப் பார். அவளைக் கூப்பிட்டு விசாரிக்காதே. அண்ணியிடமும் கேட்காதே. நீ மட்டும் பார்.

தங்கை.


ஜூலை 28

அண்ணா,

நலமா? பார்சல் வந்து சேர்ந்ததா? அண்ணி போனை எடுத்தால் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். கோபம் என்றால் திட்டியாவது ஒரு வரி எழுது. நான் எழுதியதை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லாதே.

தங்கை.


ஆகஸ்ட் 23

என் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாதான் எழவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. பெரிய டாக்டர், படத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட்டாள் என்று திட்டினேன். படங்களைக் காரில் டாஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நர்ஸ் கார் பழக வந்தாள். ஊசி போட்டுப் போட்டுப் பழகிய கை. ஸ்டியரிங்கைப் பிடித்தபோது துளிகூட நடுங்கவில்லை. நம்முடைய வேலை இங்கே மிச்சம் என்று நினைத்தேன். முதல் திருப்பத்தில் "கிளட்ச்!" என்று ஒரு சத்தம் போட்டேன். அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "சார், எனக்குக் காது கேக்கும்" என்றாள். இத்தனை வருஷமாக நடுக்கத்தை எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நானேதான் அதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் இறங்கிப் போனதும் டாஷ்போர்டைத் திறந்து படங்களைப் பக்கத்து சீட்டில் பரப்பினேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. தூங்குகிற என்னைத்தான் என் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இனி கத்துவதில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உன் அண்ணி சொன்னாள்: "நீங்க கத்தினா எப்ப முடியும்னு எங்களுக்குத் தெரியும். இப்ப எப்ப ஆரம்பிக்கும்னு தெரியல. அவ ராத்திரி சரியா சாப்பிடல." எனக்குச் சாதாரணமாகப் பேசவே தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த வயதில் அதை யாரிடம் போய்க் கற்றுக்கொள்ள?

நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதியிருந்தாய். வேண்டாம். தங்கையே உண்மையைச் சொல்லப் பயப்படுகிற மாதிரி ஒரு அண்ணன் இருந்தால், வெட்கப்படவேண்டியவன் அவன்தான்.

நேற்று அலமாரி மேலிருந்து கேமராவை இறக்கினேன். புதுப் பேட்டரி போட்டேன். பொடிசு மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, "இதுல ஒரு பழுதும் இல்லம்மா. நீயும் எதையும் கெடுக்கல. அப்பா உன்ன திட்டினது தப்பு" என்றேன். இதைச் சொல்ல நான் வாசலுக்கும் கூடத்துக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று உன் அண்ணியைக் கேள். பொடிசு தலையை ஆட்டினாள், கேமராவைத் தொடவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? "அப்பாவ இப்ப ஒண்ணு எடேன்" என்று கேட்டுவிட்டேன். சட்டையைக்கூட நீவிவிட்டுக்கொண்டேன். அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு பொடிசே, எனக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில், "வேணாம்பா" என்றாள்.

அவள் என்னிடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "சரிம்மா" என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நான் சொன்னது நிஜமாகவே சரிதானா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன்.